அடிபம்பு வரிசையும் என் கணினிப் பாடமும்

நண்பர்களே, இன்று காலை எங்கள் முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நடந்த கூத்தை, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உங்கள் எல்லோருக்கும் சுடச்சுட அனுப்புகிறேன்.

இந்த செமஸ்டரில் நான் படிக்கும் பாடம் உங்களுக்குத் தெரியும். விதித்த நிபந்தனை எதையும் மீறாமல் எல்லோருக்கும் ஓர் இடம் தேடித் தருகிற வித்தை. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அடிபம்பில் யாருக்குப் பின் யார் தண்ணீர் பிடிப்பது என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

கீழ்வீட்டு செல்வி அக்காவும் மாடிவீட்டு கலா அக்காவும் பேசிக்கொள்வதில்லை. அதனால் இருவரும் அடுத்தடுத்து வரக்கூடாது என்பதுதான் என் முதல் நிபந்தனை.

செல்வி அக்கா குடத்தோடு வந்தார்.

"இன்னா தம்பி, என்னை ஏன் தூரமா போட்ட? அவ எத்தினி குடம் புடிக்கிறான்னு யாரு பாக்கறது? அவ பின்னாடியே என்னைப் போடு."

திருத்தினேன். மை காய்வதற்குள் கலா அக்கா இறங்கி வந்தார்.

"அவ என் பின்னாடி நின்னா, அவ புடிக்கிறதை நான் எப்டி பாக்கறது? நான்தான் அவ பின்னாடி நிக்கணும். அவகிட்ட சொல்லிடு."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்த செல்வி அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "முடியாதுன்னு சொல்லு தம்பி."

இப்படி நிபந்தனைகள் மோதிக்கொண்டால், 'தீர்வு இல்லை' என்று அறிவித்துவிடலாம் என்கிறது பாடம். அறிவித்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லவில்லை.

யோசனை இருப்பவர்கள் பதில் போடுங்கள். நேரில் வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டைச் சேர்க்க மறந்துவிட்டேன்.