சுவர் டாக்டர் வீட்டு வெள்ளை

வெள்ளை என்று ஒரே ஒரு நிறம் உலகத்தில் கிடையாது என்பது சுவர் டாக்டரின் கொள்கை. பெயிண்டரான அவருக்கு இந்தப் பட்டத்தை யாரும் மேடை போட்டுக் கொடுத்துவிடவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பவர்போல் நிற்பார். யாரோ கேலியாகச் சொன்னது, சுவர்ப் பள்ளத்தை அடைக்கப் பூசும் பட்டிபோல் ஒட்டிக்கொண்டது.

"மேட் வெள்ளை வேற, சாட்டின் வெள்ளை வேற. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சுப் பாருங்க, சக்களத்திங்க மாதிரி முறைச்சுக்கும்" என்பார்.

அப்புறம் உபதேசம் தொடங்கும். சீலிங்குக்கு மினுப்பே இல்லாத மேட்தான். எந்தச் சீலிங்கும் யோக்கியமாக நேராக இருப்பதில்லை; அதில் மினுமினுப்பை அடித்தால் மேடும் பள்ளமும் ஊர் சிரிக்கும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் லேசாக மினுங்கும் சாட்டின். கை பட்டால் துடைக்கலாம், கண்ணும் கூசாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நல்ல பளபளப்பு. எண்ணெயும் ஆவியும் அதில் குடித்தனம் நடத்த முடியாது. கதவுக்கு எனாமல். வீட்டுக்காரர்கள் கைகட்டிக் கேட்பார்கள்.

இத்தனை ஞானமும், அவர் தம் வீட்டுக்குத் திரும்பும்போது செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும்.

அவர் வீட்டுச் சுவரில் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் எவரோ பூசிய சுண்ணாம்பு. சாய்ந்தால் ஒட்டும். அவர் மனைவி எங்கே போனாலும் வீட்டை முதுகில் கொஞ்சம் சுமந்துகொண்டுதான் போவாள். "அக்கா, முதுகுல வெள்ளை" என்று பஸ்ஸில் முகம் தெரியாதவர்கள் தட்டிவிடுவார்கள். "அடுத்த மாசம் அடிச்சிடலாம்" என்பார் டாக்டர். பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேலை கிடைத்து வெளியூர் போனார்கள். அந்த அடுத்த மாசம் மட்டும் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

மனைவியின் அக்கா வீட்டுக் குளியலறைக்கு அவரே பெயிண்ட் அடித்தார். எந்தச் சுவருக்கு எவ்வளவு மினுப்பு வேண்டும் என்று அந்த அம்மாளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, குழாய் மூலைக்குத் தனியாக யோசித்து, மனம் உருகிப் பேசினார். மனைவி கதவோரம் நின்று முழுவதையும் கேட்டாள். வேலை முடிந்து அவர் கிளம்பியபோது அவள் கிளம்பவில்லை.

"நீங்க போங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நம்ம வீட்டுச் சுவத்துல நான் பயமில்லாம சாயற வரைக்கும்."

முதலில் சிரித்தார். பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, உப்பு இல்லை என்று தனியாகக் குறையும் சொன்னார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் குறை சொல்வதிலும் ருசி போய்விட்டது. அவள் இல்லாமல் தம்மால் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வேலையில் இறங்கினார்.

சுண்ணாம்பைச் சுரண்டினார். பிரைமர் அடித்தார். பட்டி போட்டு, கன்னத்தை வைத்துப் பார்க்கிற அளவுக்குத் தேய்த்தார். இதுவரை குற்றமே சொல்ல முடியாது. அதன் பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கெட்டது காரியம்.

அங்கே ஊரார் வீட்டு மிச்சமெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் இருந்தது. மிச்சம் இருக்கும்போது புது டப்பாவை உடைப்பது பெயிண்டர் குலத்துக்கே பாவம். எல்லாம் வெள்ளை, ஆனால் ஒன்று மேட், ஒன்று சாட்டின், ஒன்று பளபளப்பு. ஒன்று தீர்ந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கினார். உலகத்துக்கே உபதேசித்த பாடம் அவருக்கு மறந்துவிடவில்லை. 'அவளுக்கு என்ன தெரியப்போகுது' என்று நினைத்தார், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தி டியூப்லைட்டைப் போட்டார். கூடம் பால்போல் இருந்தது.

சுவர் காய்ந்ததும் போன் செய்து கூப்பிட்டார்; சாயங்காலம் அவள் துணிப்பையோடு வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. சுவரைத் தடவினாள். மெல்லச் சாய்ந்தாள். திரும்பி முதுகைக் காட்டினாள்.

"ஒட்டியிருக்கா?"

"ஒரு பொட்டு இல்லைம்மா."

அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றே சொல்லலாம். பையை வைத்தாள். "வாடை மூச்சு முட்டுது" என்று ஜன்னலைத் திறந்தாள்.

சாய்ந்த வெயில் சுவரோடு சுவராகத் தவழ்ந்து வந்தது. பால் திரிந்துவிட்டது. இங்கே ஒரு திட்டு செத்துக் கிடந்தது, அங்கே ஒன்று வழுக்கையாய் மின்னியது. சுவர் முழுவதும் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இது என்னங்க?"

"எல்லாம் வெள்ளைதானேம்மா."

"மேட் வேற, சாட்டின் வேறன்னு இத்தனை வருஷமா நீங்க போன்ல கத்தினதை நான் கேக்காம காதுல பஞ்சா வெச்சிருந்தேன்?" பளபளத்த ஒரு பட்டையில் விரலை வைத்தாள். "இது எங்க அக்கா வீட்டுக் குளியலறைதானே?"

டாக்டர் அந்தப் பட்டையை உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார்.

"எனக்குன்னு ஒரே ஒரு டப்பா உடைக்கத் தோணலையா உங்களுக்கு?"

"நாளைக்கே வேற அடிச்சிடறேன். சத்தியமா."

"நாளைக்கா? நீங்க முன்னெல்லாம் அடுத்த மாசம்னு சொல்வீங்க. பரவாயில்லை, முன்னேற்றம்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பார். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

வெயில் இறங்கியது. திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. விளக்கைப் போட்டுப் பார்த்தார். சுவர் ஒரே வெள்ளையாக, அப்பாவியாக நின்றது. அவசரமாகப் போன் செய்தார்.

"இப்போ வந்து பாரேன்! எதுவுமே தெரியலை!"

போனில் அவள் குரலுக்குப் பின்னால் பஸ் இரைந்தது.

"இருட்டுல எல்லாச் சுவரும் நல்ல சுவர்தாங்க. இனிமே எனக்காகக் காத்திருக்காதீங்க. விளக்கை அணைச்சுட்டுப் படுங்க."

அணைத்தார். மனைவி சொல்லி அவர் உடனே செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். பார்ப்பதற்கு அவள்தான் இல்லை.