மூன்று விரல் சீலனும் நாங்கள் மொழிபெயர்க்காத சொல்லும்

அன்று சிசிலியில், போர்கோ வெக்கியோவில், நீனோவின் வீடியோ விளையாட்டுக் கூடத்தில் நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கூடத்துச் சொந்தக்காரர் நீனோ. அவருடைய தங்கை மகன் தொத்தோ. எங்கள் ஆட்களில் மரியநாயகம் மாஸ்டர், அவர் மனைவி திரேசம்மா, மகள் எமில்டா, பக்கத்துத் தெரு பர்னாந்து, என் மூத்த மகன் தாசன். பிறகு நான். நடுவிலே, மெஷினுக்கு முன்னால், சீலன். சுற்றிவர இத்தாலியப் பெடியன்கள் இருபது பேர் நின்றார்கள். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும், ஆனால் நான் எழுதப் போகிற விஷயத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

ஐந்து வருடம் போய்விட்டது. ஒருவரும் இனி, நான் அங்கே நிற்கவில்லை என்று சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொத்தோ எங்கள் வீட்டு மணியை அடித்தான். கதவைத் திறந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "த்ரே தீத்தா" என்றான். மூன்று விரல் என்று அர்த்தம், சீலனை அவர்கள் கூப்பிடும் பெயர். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை முடிந்து வருகிற வழியில், மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி லொறிக்கு அடியில் போய்ச் சீலன் செத்தான் என்று பிறகுதான் கேட்டறிந்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு ஞாபகம் இல்லாமல் போன விஷயம் அது ஒன்றுதான்.

சீலனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாஸ்டர் கேட்டார். "நல்லதை மட்டும் எழுதுங்கோ மரியம்மாக்கா" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நல்லதை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் பிரித்து எழுத எனக்குத் தெரியாது.

நீனோவின் கூடத்தை வியாழனும் ஞாயிறும் பின்னேரம் நான்தான் கழுவித் துடைத்தேன். பொத்தான்களுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டியவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அங்கே பெரிய சண்டை மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று குச்சியை ஆட்டிப் பொத்தானை அமத்த, திரைக்குள்ளே இரண்டு உருவங்கள் அடித்துக்கொள்ளும். வென்றவன் நிற்பான், தோற்றவன் விலகுவான். அடுத்த ஆட்டம் தனக்கு வேண்டும் என்றால், காசுக்குப் பதிலாக மெஷினுக்குப் போடுகிற வில்லை ஒன்றைத் திரைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த வில்லையை ஒருவரும் தொடமாட்டார்கள். எவ்வளவு வாய் கெட்டவனும் தொடமாட்டான்.

சீலன் பொலித்தியாமாச் சதுக்கத்துப் பக்கம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அவனுக்கு லீவு. ஊரில் ஷெல் விழுந்து வலக்கையில் இரண்டு விரல் போனவன். மிச்சம் மூன்று விரலால் அவன் பொத்தான் அடிக்கிறதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். அந்தத் தெருவில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது, அதுவும் இருக்கிற குறையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். நீனோவுக்குப் பெயர் இருமல். எனக்கு ஸ்கோப்பா, அதாவது கூட்டுகிற தும்புத்தடி. எனக்குக் கோபம் வந்து இரண்டு கிழமை அந்தப் பெடியன்களின் பக்கம் தண்ணீரை வேண்டுமென்றே ஊற்றித் துடைத்தேன்.

சீலன் சிரித்தான். "ஆச்சி, பேர் வைச்சிட்டாங்கள் எண்டா இனி நீங்கள் இந்தத் தெரு ஆள். பேர் வைக்காதவனை அவங்கள் ஏறெடுத்தும் பாக்கிறேல்லை."

"உன்ரை பேர் உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம். என்ரை கையைப் பாத்து வைச்ச பேர். வேற ஒண்டையும் பாத்து வைக்கேல்லை."

அப்போது அந்தக் கடைசி வார்த்தையை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

தொத்தோ அந்தக் கூடத்தில் பெரிய ஆட்டக்காரன், சீலன் வரும் வரைக்கும். ஒரு வியாழன் நாலாம் தரமும் தோற்றபோது, சீலனின் கறுப்பையும் அவனைப் பெற்றவளையும் சேர்த்து ஒரு தூசணம் சொன்னான். சிரித்தவர்கள் சிரித்தார்கள். நீனோ செருப்பை இழுத்துக்கொண்டு, இருமிக்கொண்டு வந்தார். "மெஷினைத் திட்டு. உன்ரை கையைத் திட்டு. புனிதரைத் திட்டினா அது உனக்கும் அவருக்கும் உள்ள பாடு. பக்கத்திலை நிக்கிறவன்ரை தாயையும் தோலையும் தொட்டா வெளியிலை" என்றார். சொந்த மருமகனை ஒரு மாதம் உள்ளே விடவில்லை. பிறகு அதையே அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். போட்டி நடக்கையில் அப்படி யாராவது சொன்னால் சொன்னவர் வெளியே, ஆட்டத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றும் எழுதினார்.

ஒரு மாதம் முடிந்து தொத்தோ வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. சீலன் தன்னுடைய வில்லையை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் வைத்து, "இது இவன்ரை" என்று இத்தாலியனில் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு ரோசம் இல்லையோடா?"

"அவன்ரை வாய்தான் அப்பிடி ஆச்சி. கை நேர்மை. ஒருநாளும் குச்சியைத் தட்டிவிட்டு வெல்லமாட்டான். நான் கையைத்தான் பாக்கிறனான்."

பிறகு அந்த ஞாயிறு. பூசை முடிந்து நாங்கள் எல்லாரும் நேரே கூடத்துக்குப் போனோம், ஏனென்றால் நீனோ வைத்த போட்டியில் எங்கள் ஆள் ஒருத்தன் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். திரேசம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். சீலன் எப்போதும் உதை போடுகிற பெண் உருவத்தைத்தான் எடுப்பான். பர்னாந்து விடவில்லை.

"டேய், உனக்குப் பொம்பிளை கிடைக்கேல்லை எண்டு மெஷினுக்குள்ளை தேடுறியோ?"

"இவ என்னோடை கோவிக்கிறேல்லை அண்ணை."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

எதிராளி தொத்தோ. ஆளுக்கு ஒரு சுற்று வென்று, மூன்றாம் சுற்றில் சீலன் நல்லாக முந்திவிட்டான். இன்னும் ஒரு உதை போதும். இத்தாலியப் பெடியன்கள் "த்ரே தீத்தா, த்ரே தீத்தா" என்று மேசையில் தட்டினார்கள். அப்போது எங்கள் ஆட்கள் நின்ற பக்கத்தில் இருந்து, எங்கள் பாஷையில், ஒரு குரல் வந்தது. ஊரில் சீலனின் ஆட்களைச் சொல்லும் சாதிப் பெயர். அதோடு, "எங்கை ஏறி நிக்குது பாருங்கோ" என்று. உயர்திணையில்கூடச் சொல்லவில்லை. யாருடைய வாய் என்று கடைசியில் எழுதுகிறேன். எழுதத் தைரியம் வேண்டும், அதுவரைக்கும் அதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

சீலனின் கை நின்றது. மூன்று விரலும் பொத்தான் மேலே அப்படியே இருந்தன. தொத்தோ மூன்று அடி அடித்தான், ஆட்டம் முடிந்தது.

ஆனால் தொத்தோ துள்ளவில்லை. "இவன்ரை கை நிண்டதை நான் கண்டனான். அந்த ஆள் என்ன சொன்னவர்?" என்று மாமனைப் பார்த்துக் கேட்டான். நீனோ சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, எங்களைப் பார்த்துக் கேட்டார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். திரேசம்மா ரோல்ஸ் பெட்டியை மூடினாள். எமில்டா இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, சிசிலிக்காரரைப் போல இத்தாலியன் கதைப்பாள். அவள் வாயைத் திறந்தாள், தாய் அவள் கையைப் பிடித்து அமத்தினாள். நீனோ என்னிடம் வந்தார். "ஸ்கோப்பா, நீ சொல்லு." வீடு துடைக்கிற அளவுக்கு இத்தாலியன் எனக்குத் தெரியும். அது போதும். நாக்கு எழவில்லை.

கடைசியில் சீலனிடமே கேட்டார். சீலன் சொன்னான், "நல்லா விளையாடுறாய் எண்டு சொன்னவர். பிராவோ எண்டவர்."

சட்டம் இருந்தது. நடத்த ஆள் இருந்தார். எதிராளியே ஆட்டத்தைத் திருப்பித் தர நின்றான். மொழிபெயர்க்கத்தான் ஒருத்தரும் இல்லை.

அதற்குப் பிறகு சீலன் கூடத்துக்கு வரவில்லை. பகேரியாவில் ஒரு பெரிய வீட்டில் வேலை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வருடம் கழித்துப் பல்லரோச் சந்தையில் மீன் கடைக்கு முன்னால் கண்டேன். "மீன் வாங்க வந்தனீங்களோ ஆச்சி" என்று ஒன்றும் நடக்காதது போலக் கேட்டான். நான் வாளைமீனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

அவனும் மீனைத்தான் பார்த்தான். பிறகு சொன்னான். "இஞ்சை அந்தச் சொல்லுக்கு ஆள் இல்லை ஆச்சி. தொத்தோவுக்குத் தெரியாது, நீனோவுக்குத் தெரியாது. நான் இத்தாலியனிலை சொல்லியிருந்தா, அண்டையிலை இருந்து அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நானே கொண்டுவந்து குடுக்கிறதோ?"

மீன் வாங்காமல் திரும்பினேன். அவன் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸிலும் அவனுக்குப் பிளாஸ்டிக் கப்பிலும் தேத்தண்ணீர் கொடுத்தவள் நான். இந்த ஊரில் எல்லாரும் பிளாஸ்டிக் கப்பில் கோப்பி குடிக்கிறார்கள், அதனால் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அவன் குடித்து முடித்துக் கப்பைத் தானே குப்பையில் போட்டுவிட்டுப் போவான். என்னைக் கழுவ விட்டதில்லை, கழுவ ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்.

அவன் செத்த அன்று, சிலாபத்தில் இடம்பெயர்ந்து இருக்கிற அவனுடைய தாயோடு நான்தான் போனில் கதைத்தேன். அழுது முடித்துவிட்டு அந்த மனுசி கேட்டது ஒன்றுதான். "என்ரை பிள்ளை அங்கை சனத்தோடை சந்தோசமா இருந்தவனோ?" "ஓம்" என்றேன். "எல்லாருக்கும் அவனிலை நல்ல விருப்பம்." அன்றைக்கு நாக்கு எழும்பியது.

சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர். அதில் ஒருவன் தொத்தோ, முன்பக்கம். அவனுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தவன்தான் அந்தச் சொல்லைச் சொன்னவன். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் தொத்தோ என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "ஸ்கோப்பா, அண்டைக்கு அந்த ஆள் உண்மையிலை என்ன சொன்னவர்?" என்று கேட்டான். ஐந்து வருடமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஆள் ஒரு எட்டு தள்ளி, சப்பாத்தில் ஒட்டின சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டு நின்றார். நான் தொத்தோவின் கையைத் தடவிவிட்டேன். சொல்லவில்லை. சொன்னால் சீலன் மூடி வைத்ததைத் திறந்ததாகும். சொல்லாவிட்டால் அந்தச் சொல்லைச் சொன்னவனைக் காப்பாற்றியதாகும். எந்தப் பக்கம் போனாலும் நான் பிழைகாரி. இப்போதும் பாருங்கள், தமிழில் எழுதுகிறேன். அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வாசிக்கப் போகிறீர்கள்.

சீலனுடையது என்று என்னிடம் ஒரு வில்லை இருக்கிறது. அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு கூடத்தைத் துடைக்கும்போது கண்டேன். தோற்றுப் போனவன், யாரும் பார்க்காத நேரம், கண்ணாடி ஓரத்தில் தன் வில்லையை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த ஆட்டம் தனக்கு வேண்டும் என்று. நாலு நாள் அதை ஒருவரும் தொடவில்லை. அடுத்த வியாழன் அவன் வருவான் என்று தொத்தோ பின்னேரம் முழுக்க அந்த மெஷினுக்குக் காவல் நின்றான். அவன் வரவில்லை. நீனோ அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். செபமாலைப் பையில் வைத்திருக்கிறேன். மாதா மணிகளோடு அதுவும் கையில் படும். என்னைப் புதைக்கும்போது அதையும் வையுங்கள். அவனைக் கண்டால் கொடுக்க வேண்டும்.

எமில்டா, நீதான் இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிறாய். எழுத்துப் பிழையைத் திருத்து பிள்ளை. பெயர்களைத் திருத்தாதே.

தொத்தோவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். மாஸ்டர் கூரையைப் பார்த்ததையும், திரேசம்மா பெட்டியை மூடியதையும் மன்னிக்கிறேன், ஏனென்றால் நானும் அவர்களோடு நின்றவள். என்னைக் கடவுள் பார்த்துக்கொள்வார். மன்னிக்காமல் விடுகிற ஆள் ஒன்றே ஒன்று, அந்தச் சொல்லைச் சொன்னவர். அவருடைய வீட்டில்தான் இருக்கிறேன், அவர் கொண்டுவருகிற அரிசியைத்தான் உலையில் போடுகிறேன், நாளைக்கு நான் படுத்தால் தண்ணீர் தரப் போகிறவரும் அவர்தான். என் மூத்த மகன், தாசன்.