சித்தப்பாவின் ஸ்பீக்கரில் ஒரு ‘டக்’

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். அப்பாவுக்குக் குத்தகைக்காரர் மேல் சந்தேகம். அம்மாவுக்கு அப்பாவின் இடுப்புச் சாவி மேல் சந்தேகம். சித்தப்பாவுக்கு என் மேல் சந்தேகம். என் சந்தேகமெல்லாம் ஒரு பல்லியின் மேல். சித்தப்பாவின் ஸ்பீக்கர் பெட்டிக்குள் அது குடியிருக்கிறது என்றும், மத்தியானம் ஆனால் எதையோ கடித்து வைக்கிறது என்றும் உறுதியாக நம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையை மூடியபோது, அங்கே திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரைச் சித்தப்பா வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டி ஆள் உயரம். உள்ளே இருந்தது என்னவோ ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். தவில் சத்தத்துக்கு ஒன்று, ஜாலராச் சத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. எல்லாம் அந்த ஒற்றைக் காகிதக் கூம்பிலிருந்தே வந்தாக வேண்டும். அப்பா பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “மிச்ச எடமெல்லாம் எதுக்குடா காலியா கெடக்கு?” என்றார். சத்தம் திரண்டு வருவதற்கு என்று சித்தப்பா சொன்ன பதில் அவருக்கு நம்பும்படி இல்லை. மறுவாரம் யாரும் இல்லாதபோது இன்னொரு தடவை கழற்றிப் பார்த்தார்.

சித்தப்பா திருச்சியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவர். முதலாளியோடு முறைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது; பார்த்துக்கொண்டது அப்பா. ஆகவே சித்தப்பாவுக்கு மூன்று வேளைச் சாப்பாடும், சாப்பாட்டோடு சேர்த்துக் கொஞ்சம் திட்டும் எங்கள் வீட்டில் கிடைத்துவந்தன.

பெட்டி வந்துவிட்டது, அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் அமையவில்லை. கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டுகிறவரிடம் ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினார். பாட்டு வருவதற்கு முன்னாலேயே பெட்டி ‘ஙொய்’ என்று ஊளையிட, கொட்டிலில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர்தானே பொருத்தம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது தலைகீழ்ப் பாடம் என்றார் சித்தப்பா. கொட்டகைக் காலத்து ஸ்பீக்கர் துளி மின்சாரம் கொடுத்தாலே கூரை அதிரப் பாடும். அவ்வளவு கூரிய காது உள்ளதற்கு முரட்டு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தால், பாட்டோடு அதன் வயிற்றுக்குள் இருக்கிற இரைச்சலையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிடும்.

“கைக்கொழந்தைக்குச் சங்குலதான் பால் புகட்டணும். அண்டாவ சாய்ச்சா மூச்சு முட்டிடாதா?” என்று என்னிடம் கேட்டார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

பிறகு அவரே செய்ய ஆரம்பித்தார். முதலில் வால்வு வைத்து ஒன்று, இரைச்சல் பாதியானது. அப்புறம் டிரான்சிஸ்டர் வைத்து, வெற்றிலைப் பெட்டி அளவுக்கு இன்னொன்று. இரண்டு வாட்கூடத் தேறாது. அந்த ஸ்பீக்கருக்குத் தக்கபடி டிரான்ஸ்ஃபார்மரைக் கையாலேயே சுற்றினார். சுற்றிய கம்பி தவறினால் அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். கடைசியில் ஒரு நாள், சாவி கொடுத்துச் சுழல்கிற பழைய கிராமபோனின் ஊசிக்கையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பி இழுத்து, ஒரு நாதஸ்வர ரிக்கார்டை வைத்தார். வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அன்று சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளைக் களை.

அந்தச் சத்தம் கேட்டு வர ஆரம்பித்தவர்தான் குத்தகைக்காரர். எங்கள் மேலத்தாக்கு நிலத்தை வெகுகாலமாகப் பயிர் செய்துவந்தவர். அவர் மகள் என் வகுப்பு. எனக்குப் பக்கத்து இடம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீசில் பதிந்துகொண்டால் யாரும் எளிதில் வெளியேற்ற முடியாது என்று சர்க்காரில் சொன்னார்கள். அவரும் போய்ப் பதிந்துகொண்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரவும் இல்லை. மேலத்தாக்குக்கு எங்கள் மோட்டார்தான் கதி. அந்த மோட்டாரில் கம்பிச் சுருள் கருகிப்போய்விட்டது, இது ரேடியோக்காரன் சுற்றுகிற கம்பி இல்லை, இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பயிர் காய்ந்தால் குத்தகை நெல் அளக்க முடியாது. அளக்கவில்லை என்றால் அதையே காரணம் காட்டி, பதிவு இருந்தாலும் நிலத்தைவிட்டு இறக்கிவிடலாம். இதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் மாமாவின் பயிர் வாடுகிறது, மோட்டாருக்கு உடம்பு சரியில்லை என்ற அளவில் தெரியும்.

பயிர் வாடினாலும் மாமா மத்தியானங்களில் வந்து நிலைப்படி ஓரம் உட்கார்ந்து ரிக்கார்டு கேட்டுவிட்டுப் போவார். அப்பா அப்போது வீட்டில் இருக்க மாட்டார். வாழைக்கொல்லைக்குப் போயிருப்பார்.

அந்த வேளையில்தான் ‘டக்’ கேட்டது. நாதஸ்வரம் குழைந்து வருகிற இடத்தில் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சொடுக்கு. சத்தம் ஒரு கணம் அமுங்கி எழும். அதற்கப்புறம் அடியில் மெல்லிசாக ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாளும் அப்படியே. சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினார். பற்றுவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றுவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீதானே எதையோ நோண்டுற?” என்றார். நான் பல்லியைக் காட்டிக்கொடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியதில் ஒரு கரப்பான்பூச்சிதான் விழுந்தது.

ஒரு மத்தியானம் திடீரென்று எழுந்து நின்றார். “இது ஆம்ப்ளிஃபயர் குத்தமே இல்ல!” என்று கூவினார். கேட்பதற்கு நானும் மாமாவும்தான் இருந்தோம். “எங்கயோ பெரிய மோட்டாரு போடுறாங்க. போட்டதும் நம்ம லைன்ல கரண்டு அமுங்குது. பகல்ல யாரு வீட்லயும் லைட் எரியாது, அதனால ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பொட்டிக்கு மட்டும் தெரியுது பாருங்க!”

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாமா சிரிக்கவில்லை. “இந்த லைன்ல எத்தன மோட்டாரு தம்பி ஓடுது?” என்று கேட்டார்.

“நம்மளது ஒண்ணுதான். அதுதான் எரிஞ்சு போ...” என்று ஆரம்பித்த சித்தப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரிக்கார்டு முடிந்தும் தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் ஊசியை எடுக்கவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “நாளன்னிக்கு பிரசிடெண்ட அழைச்சிட்டு வரேன் தம்பி. அவங்களும் இத ஒருதரம் கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்படியில் அம்மா பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றுபோனதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்கும் நாதஸ்வரம் பிடிக்கும் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனார். கொட்டகை ரைஸ் மில்லுக்குப் பின்னால், எங்கள் வாழைக்கொல்லையின் வேலிக்குள் இருந்தது. மில் ஆயில் எஞ்சினில் ஓடுவது. அது ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அன்று ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சித்தப்பா சுவரில் கையை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். சுவர் நடுங்கியது.

“மில்லு ஓடுதுல்ல, அதான்” என்றார் என்னைப் பார்க்காமல்.

வாழை மரங்களின் அடியெல்லாம் ஈரமாக இருந்தது. என் பாவாடையில் சேறு அப்பிக்கொண்டது. அம்மா திட்டுவாளே என்று கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சித்தப்பாவின் குரல் உயர்ந்தது, அப்புறம் தாழ்ந்தது. அப்பா சொன்னதில் ஒன்று மட்டும் வெளியே கேட்டது: “உனக்கும் அதுலதான்டா சோறு.” விடிந்ததும் அப்பா மன்னார்குடிக்கு முதல் பஸ் ஏறினார். உச்சிக்கு முன்பே திரும்பி வந்தபோது கூட வந்த ஓர் ஆளின் தலையில் புத்தம்புதிய லாரி பேட்டரி ஒன்று இருந்தது. காலணாக் கம்பிக்கும் கணக்குக் கேட்கிற அப்பா, யாரும் கேட்காமலே இதை வாங்கி வந்துவிட்டார்! “இனிமே ஒன் ஆம்ப்ளிஃபயர இதுல ஓட்டு. லைன் கரண்டு வேணாம்” என்றார். நான் துள்ளிக் குதித்தேன். சித்தப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இடுக்கியை எடுத்துக் கம்பியை மாற்றிப் பூட்டினார்.

சொன்னபடி அன்று மத்தியானம் மாமா பிரசிடெண்டை அழைத்துக்கொண்டு வந்தார். கூடவே மகளும் வந்திருந்தாள். அப்பா வழக்கம்போல வீட்டில் இல்லை; தூரத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா ரிக்கார்டை வைத்தார். அப்படி ஒரு சுத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை. ஊசி தட்டில் இறங்குவதற்கும் முதல் ஸ்வரம் எழுவதற்கும் நடுவில் அறையே இல்லாதது போல ஓர் அமைதி. ரிக்கார்டைத் திருப்பிப் போட்டார். ‘டக்’ வரவே இல்லை.

“அருமையா இருக்கேப்பா” என்றார் பிரசிடெண்ட். பிறகு மாமாவைப் பார்த்து, “என்னமோ கேக்கும்னியே?” என்றார்.

மாமா பெட்டியைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நீ சொல்லு. அன்னிக்கு நீதானே சொன்ன.”

சித்தப்பா ரிக்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: “அது ஆம்ப்ளிஃபயர்ல இருந்த கோளாறுங்க. என் வேலதான் சரியில்ல. இப்ப சரி பண்ணிட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் குற்றம் இல்லை என்று கூவியவர் அவர். திருச்சி முதலாளி அவர் வேலையில் ஒரு குறை சொன்னதற்கே சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியவர். இல்லாத குற்றத்தை நாலு பேர் முன்னால் ஏன் ஒப்புக்கொள்கிறார் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. “பொய் சொல்றீங்க சித்தப்பா, உங்க வேல நல்ல வேலதான்!” என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பிரசிடெண்ட் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு மாமா ரிக்கார்டு கேட்க வரவில்லை. மேலத்தாக்குப் பயிர் முதலில் நுனி கருகி, அப்புறம் முழுக்க வைக்கோல் நிறமானது. பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் அது இருந்தது. எங்கள் அப்பாவுக்குச் சங்கீதப் பைத்தியம் பிடித்துவிட்டது, சித்தப்பாவுக்கு பேட்டரியெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமாவின் மகள் ஒரு நாள் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போய், “ஒங்க மோட்டாரு எப்ப சரியாகும்னு ஒங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்றியா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அதுக்கு இப்ப என்ன அவசரம்? அதான் பேட்டரி வந்துடுச்சே” என்றேன்.