படத்தில் ஆடு தெரிந்த ஞாயிறு

கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது ஒன்றுதான். இங்கே தமிழில் இரகசியம் பேச முடியாது. மலேசியாவில் எங்கள் தைப்பிங் ஊர்ப் பசாரில் காய் வாங்கும்போது விற்பவரின் முகத்துக்கு நேராகவே, "இந்த ஆளு ரொம்பச் சொல்றாருலா, வாங்க அடுத்த கடைக்குப் போவோம்" என்று அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் திரும்பி மலாயில் சிரித்துப் பேசுவேன். முப்பது வருடப் பழக்கம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாதுளை விற்றவர் முன்னால், என் கணவரிடம் அதே குரலில் அதையே சொன்னேன். பழக்காரர் கையிலிருந்த பழத்தைத் துடைத்தபடி, "ஜாஸ்தி சொல்லலீங்க மேடம். எங்கனா கம்மியா கெடச்சா எனக்கும் ரெண்டு கிலோ வாங்கியாங்க" என்றார். கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கத்தில் மூன்று கிலோ வாங்கினேன். தைப்பிங்கில் இதைப் படிக்கும் தோழிகளே, தெருவே தமிழில் நடக்கும் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

சென்னையில் கண் பரிசோதனைப் படிப்பு படித்தபோது சந்தித்தவரைத்தான் திருமணம் செய்துகொண்டேன். அவருக்கு ஊர் கள்ளக்குறிச்சி. அப்படித்தான் பேராக் மாநிலத்துப் பெண் இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு கண் மருத்துவமனையின் முகாம் குழுவில் வேலை கிடைத்தது. வேனில் ஊர் ஊராகப் போய்க் கண் பார்த்து, கண்ணாடிக்குப் பவர் சொல்லும் வேலை. முதல் வாரமே மானம் போயிற்று. ஒரு இளைஞர் வயதான பெண்மணியைக் கைபிடித்து அழைத்துவந்து, "எங்க ஆயாவுக்குக் கண்ணு பாக்கணும்" என்றார். எங்கள் பால்மரத் தோட்டங்களில், அதாவது ரப்பர் தோட்டங்களில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைத்தான் ஆயா என்போம். அந்த இடத்துக்கே ஆயாக் கொட்டகை என்று பெயர். அதனால் அந்தப் பெண்மணியிடம் மரியாதையாக, "எத்தனை பிள்ளைங்களைப் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஏழு பேரும்மா. எல்லாத்தயும் வளத்துக் கட்டிக் குடுத்துட்டேன். இப்போ என்னயத்தான் யாரும் பாக்கல" என்றார் அவர். அழைத்துவந்த பேரன் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஜெயமேரி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எங்கள் நட்பு தொடங்கியது. ஜெயமேரி எங்கள் குழுவின் நர்ஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தியாகதுருகம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். நான் மேரிக்கா என்பேன். வேன் ஓட்டுபவர் தனபால் அண்ணன். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு வார்த்தையை விடமாட்டார். நான் காலையில் வேனில் ஏறியதும் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். "என்னா பசி, ஆறுதா எரியுதான்னு நாளிக்கு சொல்றேன் மேடம்" என்பார். ஒருநாள் நான் கச்சாங் வேண்டுமென்றேன். இருவரும் விழித்தார்கள். வேர்க்கடலையை உரிப்பதுபோல் கையால் காட்டினேன். "அட, மல்லாட்ட!" என்றார் மேரிக்கா. அன்றிலிருந்து வேனின் முன்பக்கப் பெட்டியில் வேகவைத்த மல்லாட்டை இல்லாத பயணமே இல்லை. உரித்த தோலை நான் மடியில் சேர்ப்பேன், மேரிக்கா காகிதத்தில் சேர்ப்பார், தனபால் அண்ணன் ஜன்னல் வழியே மலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைமேல் வேன் வளைந்து வளைந்து ஏறும்போது, மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் மென்றுகொண்டே வரும் அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் சம்பளம் இல்லாமலும் இந்த வேலைக்குப் போவேன்.

எனக்கு இன்னொரு பித்தும் உண்டு. மனிதர்களைப் படம் எடுப்பது. தைப்பிங்கில் கேமராவைத் தூக்கினால் போதும், சீனத்து மீன்காரர் முதல் நாசி லெமாக் விற்கும் மலாய் அக்கா வரை இரண்டு விரலை உயர்த்திப் பல்லைக் காட்டுவார்கள். படம் அழகாக இருக்கும், ஆனால் எல்லாப் படமும் ஒரே படமாக இருக்கும். கல்வராயன் மலையில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். கையைத் தொடையோடு ஒட்டி, ஏதோ அதிகாரி முன் நிற்பதுபோல் நிற்பார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்றேன் ஒருவரிடம். "எதுக்கு?" என்றார். மேரிக்காதான் வழி கண்டுபிடித்தார். நான் கேமராவைத் தூக்கியதும் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்பார். அவ்வளவுதான். குழம்பைப் பற்றி நினைக்கத் தொடங்கிய முகம் அதிகாரியை மறந்துவிடும். என்னிடமுள்ள நல்ல படங்களில் பாதி குழம்பால் வந்தவை.

கரியாலூரைத் தாண்டி, வேன் போகாத பாதையில் கால்மணி நேரம் நடந்தால் ஒரு சிறு குடியிருப்பு வரும். அங்கே நாங்கள் மூன்று முறை போயும் கண் காட்ட வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மூன்றாவது முறை, வேப்பமர நிழலில் மேசை போட்டுக் காத்திருந்தோம். சற்றுத் தள்ளிப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்தவர் பெயர் அலமேலு. ஐம்பது வயதிருக்கும். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் எழுவார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் முறத்தைக் கையில் வாங்குவார், விரலால் தடவுவார், பிறகு கல் பொறுக்காமலேயே பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடுவார். எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளெழுத்து. பக்கத்தில் இருப்பது தெரியவில்லை.

"அலமேலக்கா, ரெண்டு நிமிசம்தான், வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டேன்.

"வாண்டாம்மா. இப்டித்தான் முந்தியும் வந்தாங்க. வரிசயா நிக்க வச்சிப் போட்டோ புடிச்சிக்கினு போனாங்க. அப்பறம் ஆளும் வரல, போட்டோவும் வரல."

"நான் கொண்டுவந்து குடுப்பேன்."

"எல்லாரும் அதத்தான் சொன்னாங்க."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சரி, கண்ணைக் காட்ட வேண்டாம். படம் மட்டும் எடுத்துக்கிறேன். அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் ஆளுக்கொரு படம் கையில தருவேன்" என்றேன். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு பெண்களும் ஒரே படத்தில். மேரிக்கா குழம்பைப் பற்றிக் கேட்டார். அலமேலக்கா ஒருவர் மட்டும் குழம்புக்கும் மசியவில்லை.

திரும்பும் வழியில் முகாம் வருகைத்தாளைக் காணோம். வந்தவர்கள் கைநாட்டு வைத்த தாள். அலுவலகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பையைக் கவிழ்த்துத் தேடினோம். தனபால் அண்ணன் மல்லாட்டைத் தோல் கட்டி எறிந்துவிட்டார் என்று மேரிக்கா முடிவே கட்டிவிட்டார். அவர் வாயே திறக்கவில்லை. மறுநாள் மேலாளர் தாளைக் கேட்டார், இல்லையென்றோம். "வரவங்களும் கம்மி, பேப்பரும் கெடயாது. அடுத்த மாசம் வண்டிய உளுந்தூர்பேட்டப் பக்கம் அனுப்பறேன். மலைய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இருக்கும் ஒரு வேனைக் கூட்டம் வரும் இடத்துக்கு அனுப்ப நினைத்தார், அவ்வளவுதான். ஆனால் நான் கொடுத்த வாக்கு என்னாவது? படம் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் பட்டியலில் நானும் சேர்வேன். அன்று மதியம் சோற்று டப்பாவை மூடியபடியே வைத்திருந்தேன். மேரிக்கா என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ சொன்ன வாரம் ஞாயித்துக்கெழம பஸ்ல போலாம், தேவி. எட்டர மணி பூச முடிஞ்சி வந்துடறேன்" என்றார். வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தனபால் அண்ணன், "எனுக்கும் சீட்டு போடுங்க" என்றார். மேலாளரிடம் கேட்டபோது மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துப்போகச் சொன்னார்.

தனபால் அண்ணன் பேருந்தில் பயணியாக உட்கார்ந்து வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கரியாலூரில் இறங்கியபோது அவருக்குத்தான் அதிகம் கால் வலித்தது. கண்ணாடிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குடியிருப்பில் எங்களைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வண்டியும் இல்லாமல், பேனரும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும் எங்களை யாரென்று வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பையிலிருந்து பதினோரு படங்களையும் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். முதல் படம் அலமேலக்காவுக்கு.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இளம்பெண்கள் படத்தை மூக்கருகே வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அலமேலக்கா கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டியும் போதாமல், படத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்து இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொன்னார். நான் அருகில் போய், "எழுத்து வாசிக்க வேண்டாம் அக்கா. இதுல நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாவுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சிது. மொதல்ல மங்கலு. அப்பறம் ஒண்ணும் தெரில. அத எங்கிட்ட சொல்லிப்புடுவீங்கன்னுதான் வரல."

இத்தனை மாதம் அவர் கோபம் என்று நான் நினைத்திருந்தது பயம். அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். நம்பியதுபோல் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டேன், போதவில்லை. இன்னும் அரைப் பவர் கூட்டினேன். படத்தை அவரே வாங்கி, மடியருகே பிடித்துப் பார்த்தார். விரல் படத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. தன் முகத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு ஓரத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

"இன்னாம்மா, எங்க ஆடு ஒம் பையில இன்னா தின்னுக்கினு இருக்குது?"

வாங்கிப் பார்த்தோம். படத்தின் ஓரத்தில், மேசைக்கடியில் என் பை. அதற்குள் தலையை விட்டிருந்த ஆட்டின் வாயில் பாதி வெளியே தொங்கியபடி எங்கள் வருகைத்தாள். எடுத்தவள் நான், அச்சுப் போட்டவளும் நான். முகங்களை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை. மேரிக்கா மெல்லத் திரும்பித் தனபால் அண்ணனைப் பார்த்தார். "நான் அன்னிக்கே ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். அலமேலக்கா சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கி இறங்க, அதை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் படத்தை மறுபடி பார்த்துச் சிரித்தார். நான் கேமராவைத் தூக்கியதை அவர் கவனிக்கவே இல்லை. என் வாழ்நாளில் எடுத்த படங்களில் அதுதான் முதலிடம்.

பிறகு அவர் முறத்தை இழுத்து, சாமையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எல்லோருக்கும் காட்டினார். வீடுகளைப் பார்த்து, "கண்ணு போவல, வாங்கடி. சின்னதா ஒரு கண்ணாடிதான்" என்று குரல் கொடுத்தார். வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள். பக்கத்துக் குடியிருப்புக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அங்கிருந்தும் வந்தார்கள். எழுத்துப் பலகையை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லோரிடமும் அந்தப் படத்தைக் கொடுத்து ஆடு எங்கே என்று கேட்டேன். புரை விழுந்திருந்த நான்கு பேர் அறுவைச் சிகிச்சைக்கு வரச் சம்மதித்தார்கள். மேரிக்கா புதிய தாளில் பெயர்களை எழுதினார். தனபால் அண்ணன் கடைசிவரை அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, ஆடுகள் வரும் திசையைப் பார்த்தபடியே நின்றார்.

திங்கட்கிழமை மேலாளர் தாளின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, "பஸ்லயா போனீங்க?" என்று மட்டும் கேட்டார். வேன் மாதம் இரண்டு முறை மலைக்குப் போக உத்தரவாயிற்று. முகாம்களில் பக்கத்தில் இருப்பது தெரிகிறதா என்று சோதிக்க இப்போது எழுத்துப் பலகையோடு நான் எடுத்த படங்களும் போகின்றன. அலமேலக்காவின் சிரிப்பு எங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறது. கண் காட்டப் பயந்து வருகிறவர்களை முதலில் அதன் எதிரே உட்காரவைக்கிறோம்.

போன வாரம் மலையிலிருந்து இறங்கும்போது வெள்ளிமலை வளைவில் பெருமழை பிடித்துக்கொண்டது. அங்கேதான் கைப்பேசிக்கு டவர் கிடைக்கும். வேனை ஓரம் கட்டினார் தனபால் அண்ணன். அதே நேரம் தைப்பிங்கிலிருந்து அம்மா கூப்பிட்டார். அங்கே மாலையாகியிருந்தது, வழக்கம்போல மழை. எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் அது கொட்டும் சத்தம் கேட்பதற்காக ஒலிபெருக்கியைப் போட்டேன். வேனின் கூரையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. மேரிக்கா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இதுல எது ஒங்க ஊரு மழ?" என்றார். பிரித்துச் சொல்ல நானும் முயன்றேன். முடியவில்லை. கைப்பேசியைக் கூரைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து, "அம்மா, கேக்குதாலா?" என்றேன். "கேக்குது, இங்க பேயிற மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.