வெறுங்கால் டிரைவரின் குறுகுறுப்பு

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலே அந்த மாஸ்டர் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்காக அவனை வைத்துக் கதையைத் தொடங்க மாட்டேன். அந்த மரியாதை அவனுக்கு எதற்கு? அண்ணனிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு ‘வெறுங்கால்’ என்றுதான் பெயர். சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளிவிடுவார். வெறும் பாதத்தால் பெடலை மிதித்தால்தான் அவருக்கு வண்டி ஓட்டிய மாதிரி இருக்கும். இன்ஸ்பெக்டர் எத்தனையோ முறை திட்டிப் பார்த்துவிட்டார். “செருப்பு போட்டா பிரேக் என்ன சொல்லுதுன்னு தெரியாது சார்” என்பார் இவர். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஓட்டும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையாலும் பேப்பரை விரித்துப் படித்தபடி நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டாப்பில் வண்டி நின்றதே சில பேருக்குத் தெரியாது. அந்தப் பெருமையில்தான் மனுஷன் வாழ்ந்தார்.

நான் அவருக்கு நேர் எதிர். குடிநீர் ஆபீஸில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பகல் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கோபத்தைக் கேட்க ஆள் வேண்டாமா? அதற்குத்தான் அண்ணன் வீடு இருந்தது. அண்ணி தையல் மிஷினில் இருந்து நிமிராமலே “வந்தாச்சா புயல்?” என்பாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு பாதத்தில் எரிச்சல் தொடங்கியது. எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு, படுத்தால் தூக்கம் வராது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிக்கு மாறியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் சிக்கல். அண்ணன் டிப்போவில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவருக்குப் பஸ் கிடையாது. ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்காரவைத்துவிடுவார்கள். “பஸ்ஸ விட்டுட்டு நான் என்னம்மா பண்ணுவேன்? மேஜைக்குப் பிரேக் போடவா?” என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்த ஊசி அவருக்கு எவ்வளவு பெரிய பயம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான் மாஸ்டர். மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ‘அதிர்வெண் சிகிச்சை’ நடத்திக்கொண்டிருந்தான். வெள்ளைக் கோட்டு வேறு. எந்தக் காலேஜில் தைத்துக் கொடுத்தார்களோ தெரியாது. ஃப்ரீக்வென்சி ஜெனரேட்டர் என்று ஒரு பெட்டி, டிபன் டப்பா அளவுக்கு. முன்னால் சிவப்பு எண்கள் ஓடும், பக்கத்தில் கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. இரண்டு வயர், வயர் முனையில் இரண்டு எஃகுத் தட்டு. தட்டின் மேல் ஈரத்துணியை விரித்துப் பாதத்தை வைத்தால் மெல்லிய மின்சாரம் ஏறும். உடம்பில் ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு எண்ணில் அதிர்கிறதாம். அதே எண்ணைப் பெட்டியில் வைத்தால் நோய் நொறுங்கிவிடுமாம். மூட்டு வலிக்கு ஒரு எண், மூலத்துக்கு ஒரு எண், சர்க்கரைக்கு ஒரு எண். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி.

நானும் ஒருநாள் அண்ணனோடு போய்க் கேட்டேன். மைக் பிடித்துக்கொண்டு என்னமாய்க் கதை அளந்தான்! “முதல்ல கால்ல நல்லா குறுகுறுக்கும். பயப்படாதீங்க. உள்ளே இருக்கிற நோயை மெஷின் தட்டுது, அது துடிக்குது. நாள் ஆக ஆகக் குறுகுறுப்பு குறையும். எப்போ சுத்தமா இல்லையோ, அப்போ நோயும் சுத்தமா இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திடுங்க, அது அலையைத் தடுக்கும்.”

நான் எழுந்து, “மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?” என்று கேட்டேன்.

“மேடத்துக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு போல. அதுக்கும் ஒரு எண் இருக்கு” என்றான் அவன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருக்க வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. மாத்திரை குப்பைக்குப் போனது. டியூட்டி முடிந்து வந்ததும் அண்ணன் கைகால் கழுவிவிட்டுத் தட்டில் பாதத்தை வைத்து உட்கார்ந்துவிடுவார். நான் போகும்போதெல்லாம் சண்டைதான்.

“அந்த ஆளு உன் தலையில மிளகாய் அரைக்கிறான், உனக்குப் புரியலையா?”

“எரிச்சல் குறைஞ்சிருக்குடி. சத்தியமா குறைஞ்சிருக்கு. தூக்கம் வருது. ஆரம்பத்துல திருகை லேசா வெச்சாலே துள்ளும். இப்போ பாதி தாண்டினாத்தான் தெரியுது.”

“ஆமா, நல்லாத்தான் தூங்குறாரு” என்றாள் அண்ணி. அவளும் நம்பினாள். பாவம், அவளுக்கும் நம்ப வேண்டியிருந்தது.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒற்றைச் செருப்பைக் கழற்றினார். இன்னொரு காலில் செருப்பே இல்லை.

“இன்னொண்ணு எங்க அண்ணா?”

குனிந்து பார்த்தார். “அட!” என்றார். வந்த வழியில் எங்கோ நழுவியிருக்கிறது. வெயிலில் காய்ந்த ரோட்டில் வெறும் பாதத்தை வைத்து நடந்து வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. “வயசாகுதுல்ல, மறதி” என்று சிரித்தார். செருப்பு நழுவியதை யாராவது மறப்பார்களா? எனக்கு என்னவோ போல் இருந்தது. திட்டினேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அவர் பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டாப் வந்தது. அண்ணன் ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. நின்றிருந்த ஒரு அம்மா என் மடியில் வந்து விழுந்தாள். அடுத்த ஸ்டாப்பிலும் அதேதான், குனிந்து பார்த்துவிட்டு மிதித்தார். எந்தக் காலை நம்பி இத்தனை பேர் பயணம் போகிறார்கள்? அந்தப் பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். தட்டில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “வா வா, நல்ல நேரத்துக்கு வந்தே. திருகை முழுசா வெச்சாச்சு. குறுகுறுப்பே இல்லை! சுத்தமா போயிடுச்சு!”

“கொஞ்சம் தள்ளு” என்று அவரை எழுப்பிவிட்டு, திருகைத் தொடாமல் அப்படியே என் பாதத்தைத் தட்டில் வைத்தேன். ஐயோ! கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நாற்காலியோடு சரிந்தேன். அண்ணன் கைதட்டிச் சிரித்தார். “பாத்தியா, உனக்குள்ள எவ்வளவு நோய் இருக்குன்னு! வாயிலேயே பாதி இருக்கும்!”

அண்ணி ஓடி வந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்து “அம்மா!” என்று கையை உதறினாள். அவளுக்கும் நோயாம். அப்படியானால் வீட்டில் ஆரோக்கியமான ஆள் இவர் ஒருவர்தான். அந்தப் பாவி என்னமாய்ப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறான் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் அலறினாலும் அதுவும் அவனுக்கே சாட்சி.

எனக்கு வந்த கோபத்தில் கீழே உட்கார்ந்த வாக்கிலேயே அண்ணனின் காலை வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பாதத்தைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ இருந்தது. பஸ் தரையில் ரப்பரை இறுக்கி வைக்கிற சின்ன ஸ்க்ரூ, தலை மட்டும் வெளியே தெரிந்தது. சுற்றிச் சதை கறுத்துப் போயிருந்தது, நாற்றம் வந்தது. அதன் மேல்தான் ஈரத்துணி வைத்துக் கரண்ட் ஏற்றியிருக்கிறார்.

“மாஸ்டர்கிட்ட சொன்னா ரொம்பச் சந்தோஷப்படுவாரு” என்று மேலே பேசிக்கொண்டிருந்தார் அண்ணன். “அடுத்த கூட்டத்துல என்னை மேடையில ஏத்துறேன்னு சொல்லியிருக்காரு.”

நான் ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தேன். சீழோடு வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“என்னதிது?”

“உன் கால்ல இருந்து எடுத்தேன். இப்போதான்.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஸ்க்ரூவைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி ஸ்க்ரூவைப் பார்த்தார். “வலிக்கலையே” என்றார் சின்னக் குரலில். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். அண்ணன் பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை போல வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒன்றுகூடச் சரியில்லை. “குறுகுறுப்பு போனது குணமாகி இல்லைங்க. நரம்பு செத்துப் போச்சு. மாத்திரையை நிறுத்தினதுல வேகமா செத்திருக்கு” என்றார் டாக்டரம்மா. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். முழுப் பாதமும் போயிருக்க வேண்டியது என்றார்கள். இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமாம்.

ஊசிக்குப் பயந்து ஓடியவருக்கு இப்போது தினமும் ஊசி. டிப்போவில் யாரும் எதுவும் கேட்கும் முன்பே அவரே போய் மேனேஜரிடம் சொன்னார்: “எனக்கு வண்டி கொடுக்காதீங்க சார். யார் மேலயாவது ஏத்திடுவேன்.” திரும்பி வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதார், ஆனாலும் கேட்டது.

புண் ஆறத் தொடங்கியதும் நான் மாஸ்டரின் மாடிக்குக் கிளம்பினேன். “நானும் வரேன்” என்றார் அண்ணன். கட்டுப் போட்ட காலோடு அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துப் பார்த்து ஏறினார். மேலே அதே நாற்காலி வரிசை, அதே மைக், அதே வெள்ளைக் கோட்டு. இப்போது ஆட்கள் இன்னும் அதிகம்.

நான் மைக்கைப் பிடுங்கவில்லை. எனக்கு மைக் தேவையில்லை. “என் அண்ணன் காலைப் பாருங்க! இந்த ஆளு பேச்சை நம்பி ரெண்டு விரல் போச்சு. ஓட்டிட்டிருந்த பஸ் போச்சு. குறுகுறுப்பு இல்லைன்னா நோய் இல்லைன்னு சொன்னியே, உனக்கு வாய் கூசலையா? தூ! நீயெல்லாம் மனுஷனாடா?”

அவன் பதறவே இல்லை. “சார் நடுவுல நிறுத்திட்டாரு, அதான் பிரச்சினை. தொடர்ந்து வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கூட்டம் தலையாட்டியது. யாரோ பின்னால் இருந்து “அந்தம்மாவை வெளியே அனுப்புங்க, அலை கலையுது” என்றார்கள். இத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து எல்லார் கத்தலையும் கேட்டவள் நான், என் கத்தலைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

அண்ணன் கத்தவில்லை. முதல் வரிசையில் ஒரு கொத்தனார் தட்டில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். நகமெல்லாம் சிமெண்ட். திருகு முழுசாகத் திருப்பியிருந்தது. “எனக்கும் போன வாரத்தோட குறுகுறுப்பு சுத்தமா போயிடுச்சு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவர் முன்னால் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பெட்டியை அணைத்தார். கொத்தனாரின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. நான் தொடுறது எந்த விரல்னு சொல்லுங்க, போதும்.”

கொத்தனார் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். அண்ணன் அவர் பெருவிரலைப் பிடித்தார். அழுத்தினார். நகம் வெளுக்கும் வரை அழுத்தினார். கூட்டம் எட்டிப் பார்த்தது. மாஸ்டர் மைக்கோடு நின்றுகொண்டிருந்தான்.

கொத்தனார் கண்ணை மூடியபடியே காத்திருந்தார். பிறகு சொன்னார்:

“ம், தொடுங்க. சொல்றேன்.”