வழிகாட்டி கேட்டதும் நான் சொன்னதும்

டென்மார்க்கில் இருபத்தேழு வருடம் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். ஹோர்சன்ஸிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆஸ்பத்திரி, பொலிஸ், கொம்மூன் எனப்படும் நகரசபை அலுவலகம் என்று நம்மவர்களுக்கு டெனிஷ் போதாத இடமெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்குச் சட்டம் ஒன்றுதான். சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு கிழவி டொக்டரை ஏசினால் அந்த ஏச்சையும் டெனிஷில் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். அலுவலகத்தில் அல்ல, நேபாளத்து மலையில், வன்னியில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில். அதனால் என் மனைவியின் தம்பி சாகப் பார்த்தார். அதற்கான பழியை இன்னொருவர் சுமந்தார். இவை இரண்டையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பவன் எப்போதும் மற்றவரின் ‘நான்’ ஆகப் பேச வேண்டும். காலையில் ‘நான் கர்ப்பமாக இருக்கிறேன்’ என்பேன். மத்தியானம் ‘நான் அவரை அடிக்கவில்லை’ என்பேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கென்று சொல்ல ஒரு வசனம் வேண்டும் போலிருந்தது. கொம்மூனில் ஒரு டெனிஷ்காரர் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடந்துவிட்டு வந்து மதியச் சாப்பாட்டு மேசையில் படங்கள் காட்டினார். ஐயாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய், கொடிகள் கட்டிய ஒரு கற்குவியல், அதன் பக்கத்தில் அவர். ‘நான் அங்கே ஏறினேன்’ என்றார். அந்த வசனத்தில் எனக்கு ஆசை வந்தது.

அடுத்த வருடத்துக்குப் பயணம் பதிந்தேன். வார இறுதிகளில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு சில்கபோர்க் பக்கத்து மலைக்குப் போவேன். டெனிஷ்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் வானமலை. உயரம் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தரம் ஏறி இறங்குவேன். பையில் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். பாஸ்மதி என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் வன்னியிலிருந்து வந்த செய்தி ஒவ்வொரு நாளும் மோசமாகிக்கொண்டு போனது. என்னுடைய ஆட்கள் எல்லாரும் எப்போதோ கனடா போய்விட்டார்கள். ஆனால் என் மனைவியின் அக்கா, கணவர், இரண்டு பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தார். மனைவியின் தம்பி, நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், ஸ்கீவ என்ற ஊரில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஜனவரியிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. ரீவிக்கு முன்னால் இருந்தார்.

“போறதெண்டால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள் மனைவி.

“அவன் மலை ஏறுவானே? வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்குது.”

“ஏறட்டும். ரீவிக்குள்ள ஏறாமல் இருந்தால் காணும்.”

ஊரில் சும்மா விடவில்லை. தமிழ்க் கடையில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: “அண்ணை, சனம் அங்க சாகுது. கொப்பன்ஹேகனில பிள்ளையள் ஆர்ப்பாட்டமெண்டு குளிருக்குள்ள நிக்குதுகள். நீங்கள் ஹொலிடே போறியள்.”

“ஹொலிடே இல்லை, முக்திநாத் கோயில். நேர்த்தி,” என்றேன்.

அது முழுப் பொய் அல்ல. கணவாயைக் கடந்து இறங்கினால் முக்திநாத் வரும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கணவாய். கோயில் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். மச்சான் மட்டும் அதை நம்பினார். அக்காவுக்காக வேண்டிக்கொள்ளப் போகிறோம் என்று தாடி வளர்த்தார்.

நாங்கள் இரண்டு பேர், ஒரு வழிகாட்டி, சுமை தூக்க ஒருவர். வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஆங்கிலம். மச்சானுக்கு ஆங்கிலம் வராது. ஆகவே அங்கேயும் நான் மொழிபெயர்ப்பாளன். முதல் வாரம் நன்றாகப் போனது. நெல் வயல்களும் பிறகு பைன் மரங்களும். இரண்டு நேரமும் சோறும் பருப்பும். “இமயமலை வரைக்கும் வந்தும் இதுதானோ அத்தான்?” என்று மச்சான் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

மூவாயிரம் மீற்றரைத் தாண்டியதும் வழிகாட்டி ஒவ்வொரு மாலையும் ஒரு சின்னக் கொப்பியை எடுத்து நாலு கேள்வி கேட்பார். தலையிடி இருக்கிறதா? சாப்பிட்டாரா? ஓங்காளிக்கிறதா? நித்திரை வந்ததா? பதிலை எழுதிக்கொள்வார். உயரத்தில் உடம்பு காற்றுக் குறைவுக்குப் பழகாவிட்டால் மூளையில் நீர் கோத்துவிடும், அதற்கு மருந்து இறங்குவதுதான் என்று முதல் நாளே விளக்கியிருந்தார். ஒருவருக்கு வருத்தம் என்றால் எல்லாரும் இறங்க வேண்டும். ஏனென்றால் வழிகாட்டி ஒருவர்தான்.

நான் கேள்விகளைத் தமிழில் சொன்னதும் மச்சான், “உந்த மனுசன் ஜனவரியில ஸ்கீவக்கு வந்திருக்கோணும்,” என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பகிடியை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்த வருடம் தலையிடி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, ஒழுங்காக நித்திரை கொண்ட தமிழர் டென்மார்க்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வழிகாட்டியின் கொப்பிப்படி பார்த்தால் ஹ்விடோவ்ரேயிலிருந்து ஸ்கீவ வரைக்கும் எல்லாரையும் இறக்கியிருக்க வேண்டும். ஆகவே பிறகு மச்சானுக்கு வந்த தலையிடி மலைத் தலையிடி அல்ல, வன்னித் தலையிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நாலாயிரம் மீற்றரில் தங்கிய மாலை அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இது வேற மாதிரி அத்தான். அடிச்சு அடிச்சுக் குத்துது.” நான் வழிகாட்டியிடம், கொஞ்சம் களைப்பாக இருக்கிறாராம் என்றேன். அவர் எழுதினார்.

மறுநாள் கணவாயின் அடிவாரத்து விடுதிக்கு வந்தோம். மச்சான் சாப்பாட்டைத் தொடவில்லை. வெளியே போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து அடுப்புப் பக்கத்தில் இருந்தார். “அத்தான், இறங்குவம். எனக்குக் கோயில் வேண்டாம். அவரிட்டச் சொல்லுங்கோ.”

நான் வழிகாட்டியின் பக்கம் திரும்பினேன். நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நாலு மணி, காற்று எழும்புவதற்கு முதல் கணவாயைக் கடக்க வேண்டும் என்றார். நான் மச்சானின் பக்கம் திரும்பி, “எல்லாருக்கும் வாறதுதானாம். படுத்தெழும்பினால் சரியாம் எண்டு சொல்லுறார்,” என்றேன்.

இருபது வருடப் பழக்கம். இடைவெளி இல்லாமல், அவருடைய குரலின் நிதானத்தோடேயே சொன்னேன்.

மச்சான் திரும்பவும் சொன்னார். “இல்லை, வடிவாச் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ.” திரும்பவும் நான் வழிகாட்டியிடம் எதையோ கேட்டேன், பனியைப் பற்றியென்று நினைக்கிறேன். திரும்பவும் மச்சானிடம், “பயப்பட ஒண்டுமில்லையாம்,” என்றேன்.

வழிகாட்டி குருடர் அல்ல. அவர் மச்சானை எழுப்பி, தரைப் பலகையின் ஒரு கோட்டில் குதிக்காலும் பெருவிரலும் தொட நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் மச்சான் சுவரைப் பிடித்தார். வழிகாட்டி என்னைப் பார்த்தார். முழங்கால் பிழை, தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்று வேலை செய்ததில் வந்தது என்றேன். உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். இவர் என் மனைவியின் தம்பி, எனக்குத் தெரியாதா என்றேன்.

மச்சானின் முழங்காலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அந்த நேரத்தில் அது துக்கம் அல்ல என்பது எனக்குத் தெரியும். துக்கத்தில் யாரும் கோட்டில் நடக்கத் தடுமாறுவதில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் நாலு மணிக்குப் புறப்பட்டோம். கணவாய்க்கு இன்னும் முந்நூறு மீற்றர் உயரம் இருக்கும்போது, வெயில் வந்த பிறகு, மச்சான் பனியில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி எறிந்தார். என்னைப் பார்த்து, டென்மார்க்கில் பஸ் தரிப்பில் நிற்பவர் போல மிக மரியாதையாக, “விபோர்க் பஸ் போட்டுதோ?” என்று கேட்டார்.

அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே வழிகாட்டி பையைக் கீழே போட்டுவிட்டார். அவரும் சுமை தூக்குபவரும் நெற்றியில் பட்டி போட்டு, மாறி மாறி மச்சானை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். நான் பின்னால் வந்தேன். அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. கோபம். முந்நூறு மீற்றர்தான் இருந்தது என்ற கோபம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, அவருடைய கால்கள் ஒரு பொம்மையின் கால்களைப் போல ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தபோது.

கீழே மனாங் ஊரில், மலை நோய் பார்க்கும் ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். ஊசி போட்டு, முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் டொக்டர், ஒரு வெள்ளைக்காரப் பெண், எப்போது தலையிடி தொடங்கியது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மச்சானுக்கு வாய் வரவில்லை. மூன்று விரலை உயர்த்தினார்.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை, வழிகாட்டியைப் பார்த்தார். மூன்று நாளாகத் தலையிடியோடு இருந்தவரையா மேலே கொண்டு போனாய் என்று கேட்டார். வழிகாட்டி கொப்பியைத் திறந்து நீட்டினார். களைப்பு, முழங்கால் என்று அதில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் மச்சானின் போர்வையைச் சரிசெய்தேன்.

அன்று விடுதியில் ஒரு ஒஸ்ரேலியப் பையன் நாங்கள் எந்த நாடு என்று விசாரித்தான். இலங்கை என்றதும் கை கொடுத்தான். உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாம், வாழ்த்துகள் என்றான். நான் போய் அதை மச்சானிடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வாழ்த்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்காவும் பிள்ளைகளும் முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்று மூன்று கிழமைக்குப் பிறகு தெரிந்தது. அக்காவின் கணவர் வரவில்லை.

காத்மண்டுவில் பயண அலுவலகத்துக்காரர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். முறைப்பாடு இருந்தால் எழுதித் தரச் சொன்னார். மச்சான் எழுதத்தான் வேண்டும் என்று நின்றார். “ரெண்டு தரம் கெஞ்சினன். அந்தாள் கேக்கேல்லை. நாளைக்கு இன்னொருத்தரைக் கொண்டுபோய்க் கொல்லும்.” அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நல்ல ஆங்கிலம். ஒரு சொல்லும் பிசகவில்லை. மச்சான் கையெழுத்துப் போட்டார். இனி அந்த வழிகாட்டியை உயரப் பாதைகளுக்கு அனுப்பமாட்டோம் என்று அலுவலகத்துக்காரர் உறுதி சொன்னார். அவருக்குக் குடும்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் கூட நடந்தும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் மச்சான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். கதையில் வழிகாட்டி ஒரு கொலைகாரன். நான், “அத்தான் இல்லாட்டி நான் அங்கயே முடிஞ்சிருப்பன்” என்ற அந்த அத்தான். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து டெனிஷில், உண்மையாகவா மாமா என்பார்கள். நான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன இலையுதிர் காலத்தில் எனக்கு இதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முதல் நாள் இரவு நான் பயந்தது சாவுக்கல்ல, மச்சான் என் செத்தவீட்டில் அந்தக் கதையைச் சொல்வாரே என்றுதான். சுகமாகி நடக்கத் தொடங்கியதும் ரயில் பிடித்து ஸ்கீவக்குப் போனேன். அவர் தோட்டத்தில் இலை வாரிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதிய ஒழுங்கில்தான் சொன்னேன்.

அவர் வாருவதை நிறுத்தவில்லை. ஒரு குவியல் முடிந்ததும் கேட்டார்.

“இறங்குவம் எண்டு நான் சொன்னதை அவருக்கு நீங்கள் சொல்லவே இல்லையோ?”

“இல்லை.”

“ரெண்டாந்தரமும்?”

“இல்லை, மச்சான்.”

“அப்ப பயப்பட ஒண்டுமில்லை எண்டது?”

“அது நான் சொன்னது.”

அவர் வாரியைச் சுவரில் சாத்தினார். “அந்தக் கடிதத்தில கையெழுத்து என்ர,” என்றார். பிறகு, “நான் செத்திருந்தாலும் பரவாயில்லை அத்தான். அந்தாள் என்னைச் சுமந்தது. சுமந்த ஆளை என்னைக் கொண்டு ஏசப் பண்ணிப் போட்டியள்,” என்றார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. ஸ்ரேசன் வரைக்கும் நடந்தே வந்தேன்.

வழிகாட்டியைத் தேடச் சொல்லி மச்சான் தன் மகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் காத்மண்டு அலுவலகத்தின் பழைய முகவரிக்கு எழுதினாள். நானும் தனியாக எழுதினேன், என் கையெழுத்தோடு, யார் என்ன சொன்னது என்று. இரண்டுக்கும் பதில் இல்லை. அந்த அலுவலகம் இப்போது இல்லை போலிருக்கிறது. வழிகாட்டியின் முழுப்பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது.

மண்டபங்களில் அந்தக் கதையை இப்போது மச்சான் சொல்வதில்லை. உறவினருக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை; அது உங்கட வேலை என்று என் மனைவி மூலம் சொல்லி அனுப்பினார். சொல்லிக்கொண்டு வருகிறேன், வீடு வீடாக. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குப் போன் எடுப்பார். நான் எடுத்தால், “அக்காட்டக் குடுங்கோ,” என்பார். நான் மனைவியிடம் குடுப்பேன்.