பாம்பூஃப்ளாட் படகில் என் சிநேகிதன்

பதினேழு வருடம் ஒருவன் கண்ணில் படாமல் இருப்பதற்கு போர்ட் பிளேர் மிகச் சின்ன ஊர். ஆனாலும் நான் இருந்தேன்.

அங்கே ஷாதிபூரில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் தன் அம்மாவை வைத்தியத்துக்காகக் கப்பலில் சென்னைக்குக் கொண்டுபோனபோது, துணைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கப்பல் புறப்படுகிற நாளிலேயே எனக்கு வேலைக்கான இன்டர்வியூ வந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவன் மட்டும் அம்மாவோடு போனான், தனியாகத் திரும்பி வந்தான். வெட்கத்தில் நான் துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை. வெட்கம் என்று இப்போது சொல்கிறேன்; கோழைத்தனம்தான்.

போன வருடம் அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குக் குடிவந்தேன். காலையில் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கக் கரையான சாத்தம் போகிற படகில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் வண்டியின் மட்கார்டைப் பச்சை நைலான் கயிற்றால் கட்டியிருந்தான்.

"இன்னும் அதே கஞ்சன்தானாடா நீ?" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

சிரித்துவிட்டான். "அரே யார், நீயா! எத்தனை வருஷமாச்சு!"

அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தேன். "சோடோ யார், புரானா பாத், பழைய கதையை விடு" என்று தோளில் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். "பக்கா வரேன்" என்றான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

சுர்மாய் மீன் குழம்பு வைத்து மூன்று மணி வரை காத்திருந்தோம். "போன் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. நம்பரை அவன் தரவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு படகிலும் அவனைக் காணவில்லை. மாற்றல் ஆகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, புழுக்கம் தாங்க முடியவில்லை. படகு ஏறியதும் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். என் பக்கத்து ஸ்கூட்டர்காரன் மட்டும் கழற்றவில்லை, கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தற்செயலாக அவன் வண்டியைப் பார்த்தேன். மட்கார்டில் பச்சைக் கயிறு. இத்தனை நாளும் இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அம்மா விஷயத்துல நான் பண்ணது பெரிய தப்புடா" என்றேன்.

அவன் திரும்பவில்லை. வண்டியைக் கிளப்பினான். கரை இன்னும் தூரத்தில் இருந்தது.

"அரே பாயி, ருக்கோ, நிறுத்துங்க! கரைக்குக் கயிறே இன்னும் போடலை!" என்று படகு ஆள் சத்தம் போட்டார். அவன் அணைக்கவில்லை. சாத்தம் வரும்வரை அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தியதும் மேல்தளத்துக்குப் போய்விடுகிறேன், மழையானாலும். கரை வரும்வரையாவது அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டும். மேலிருந்து எட்டிப் பார்ப்பதில்லை. இனி அவனுக்கு என்னால் செய்ய முடிவது அவ்வளவுதான்.